மூச்சை யாரிடம் ஒப்படைப்பது?

கடலுக்கடியில் இறங்க விரும்புகிறவர் முதலில் தம்முடைய மூச்சை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். முதுகில் சுமக்கும் உருளையில் காற்றை நிரப்பியவர் ஒருவர். அக்காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியைப் பழுது பார்த்தவர் மற்றொருவர். நீருக்குள் வழி காட்டுபவர் வேறொருவர். இறங்கிய அனைவரும் திரும்பி ஏறிவிட்டனரா என மேலே படகில் இருந்து எண்ணிப் பார்ப்பவர் இன்னொருவர். இவர்களில் எவரையும் நாம் அதற்கு முன் கண்டதில்லை. ஆயினும், விடுமுறைக்காகத் தீவுக்குச் செல்லும் குடும்பங்கள் பல, விமானச்சீட்டையும் தங்குமிடத்தையும் விலை ஒப்பிட்டுத் தேர்வது போலவே முக்குளிப்பு நிலையத்தையும் தேர்ந்துவிடுகின்றன. அத்தேர்வு அவ்வகையைச் சேர்ந்ததன்று என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது.

எங்கள் குடும்பம் கீழக்கரையைப் பூர்விகமாகக் கொண்டது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களில் பரதவர்களோடு கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். காற்று உருளை இல்லாத காலம் அது. கல் கட்டிய கயிற்றைத் துணைக்கொண்டு கடலடிக்கு இறங்குவர். மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பர். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள் என்றொரு பேச்சு நம் கரையோர ஊர்களில் உண்டு. தன் சகோதரி கைம்பெண்ணாவதை எவனும் விரும்பமாட்டான், ஆகவே மச்சானே கயிறு பிடிக்கத் தகுந்தவன் என்பர். இது எவ்வளவு தூரம் நடைமுறையாக இருந்ததோ, எவ்வளவு தூரம் சொல்லழகோ, அதிலுள்ள சிந்தனை மெய்யானது. கயிறு பிடிப்பவருக்குக் கையில் வலு வேண்டும். இறங்கியவன் திரும்பி வர வேண்டும் என்ற அக்கறையும் வேண்டும்.

டொரோண்டோவில் வாழும் நாங்கள், பள்ளிகளின் மார்ச் விடுமுறையில் கரீபியன் கடலுக்குச் செல்வதென முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றவர். ஆனால் ஆறு ஆண்டுகளாக நீருக்குள் இறங்காதவர். மற்றவர் புதிதாகக் கற்க விரும்பினார். பதினான்கு வயது மகனும் பதினொரு வயது மகளும் எங்களோடு கற்க ஆசைப்பட்டனர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய உம்மா மட்டும், "கடலோட வெளாட்டு வேணாம் வாப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய அச்சத்தை நாங்கள் அறியாமை என்று ஒதுக்கவில்லை. கடலோரத்தில் வளர்ந்தவர் அவர்.

தீவுகளை ஆராய்ந்து பொனேரைத் தேர்ந்தோம். வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு தீவு அது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருக்கிறது. புயல்கள் வழக்கமாகக் கடந்து செல்லும் பாதைக்குத் தெற்கே அமைந்திருப்பதும், மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக இருப்பதும் அதன் பேறு. 1979-ஆம் ஆண்டிலேயே தீவைச் சுற்றியுள்ள கடலைக் கடற்பூங்காவாக அறிவித்துவிட்டனர். கரையின் உயர்நீர் எல்லையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை அது பாதுகாக்கப்படுகிறது. பவளத்தின் மீது நங்கூரம் பாய்ச்சக் கூடாது; முக்குளிப்போர் கையுறை அணியக் கூடாது. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும் என்பதே காரணம். வந்திறங்கும் ஒவ்வொருவரும் அறிமுக உரை கேட்டு, முதலில் ஒரு சோதனை முக்குளிப்புச் செய்த பின்னரே மற்ற இடங்களுக்குச் செல்ல வேண்டும். தலைநகரான கிராலெண்டைக்கில் உயர் அழுத்தச் சிகிச்சை அறையும் உண்டு. முக்குளிப்பால் வரும் அழுத்த நோய்க்கு உரிய சிகிச்சை அதுவே. தீவைத் தேர்ந்தெடுக்கும்போதே இவ்வறை எங்குள்ளது எனப் பார்த்துவிட வேண்டும். பல சிறு தீவுகளில் அது கிடையாது. நோயாளியை வேறு தீவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

தீவு முடிவாயிற்று, நிலையம் முடிவாகவில்லை. நான்கு நிலையங்களுக்கு எழுதினோம். விலைகளில் பெரிய வேறுபாடு இல்லை. அனைவரும் சான்றிதழ்களைக் காட்டினர். அனைவரைப் பற்றியும் பயணிகள் புகழ்ந்து எழுதியிருந்தனர். புகழ்ந்து எழுதியவர்களோ ஆமையைக் கண்டதையும், படகில் தந்த பழத்தையும், பயிற்றுநரின் நகைச்சுவையையும் எழுதியிருந்தார்கள். காற்றைப் பற்றி எவரும் எழுதவில்லை. எதுவும் பிழையாக நிகழாத நாளில் நல்ல நிலையத்துக்கும் மோசமான நிலையத்துக்கும் வேற்றுமை தெரிவதில்லை என்பதை அப்போது உணர்ந்தோம்.

திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரை அடைந்த வரலாறு வருகிறது. அவர்கள் இரு பெண்களின் கால்நடைகளுக்கு நீர் புகட்டுகிறார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர், இவரைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று தம் தந்தையிடம் பரிந்துரைக்கிறார். அதற்கு அவர் கூறும் தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். பொறுப்பை ஒருவரிடம் தருவதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவை என்று நம் அறிஞர்கள் இதை விளக்குவர். வலிமையுள்ளவர் நம்பகமற்றவராயின் நம்மை ஏமாற்றுவார்; நம்பகமானவர் திறமையற்றவராயின் நல்லெண்ணத்தோடே நம்மை மூழ்கடிப்பார். நாங்கள் எழுதிய கேள்விகளை இவ்விரு பிரிவாகவே அமைத்துக்கொண்டோம்.

முதலில் திறமை. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்போது விரியும். ஆகவே, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மெதுவாக ஏற வேண்டும். முத்துக் குளித்த நம் முன்னோருக்கு மூச்சடக்குதலே கலை. உருளையோடு இறங்குகிறவருக்கோ அதுவே ஆபத்து. இதைப் புரியவைத்து, பதற்றம் வந்தாலும் மறக்காதபடி பழக்குவதே பயிற்றுநரின் முதற்கடமை. அதனால் முதற்கேள்வி: ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை பேர்? எங்கள் மகளோடு நீருக்குள் இருப்பவர் யார்? பத்து, பதினொரு வயதினருக்குப் பெரிய பயிற்சி அமைப்புகள் 12 மீட்டருக்கு மேல் ஆழம் அனுமதிப்பதில்லை. பெற்றோரோ பயிற்றுநரோ உடனிருக்க வேண்டும். இவ்விதியை நாங்கள் சொல்வதற்கு முன்பே சொல்கிறார்களா என்பதையும் கவனித்தோம்.

இரண்டாம் கேள்வி காற்றைப் பற்றியது. உருளைகளை நிரப்பும் கம்ப்ரெஸரின் காற்று உறிஞ்சும் குழாய், எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. மேலே நாம் தாங்கக்கூடிய அளவு ஆழத்தில் உயிருக்கு ஆபத்தாகும். காற்றின் தரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அவ்வறிக்கையைக் காணலாமா என்று கேட்டோம். மூன்றாவதாக, படகில் மருத்துவ ஆக்ஸிஜன் உண்டா, அதைக் கையாளத் தெரிந்தவர் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பாரா என்று கேட்டோம். அழுத்த நோயின் முதலுதவி அதுவே.

நான்காம் கேள்வி மிக எளியது: ஆட்களை எப்படி எண்ணுகிறீர்கள்? 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டுக்குச் சென்ற படகொன்று, அமெரிக்கத் தம்பதியர் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாட்களுக்குப் பிறகே தெரியவந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. பொங்கி எழுந்த புயலோ சுறாவோ அதற்குத் தொடக்கமன்று. எண்ணிக்கை ஒன்று பிழையானதே தொடக்கம். பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரும் தம் வாயால் பதில் சொன்ன பிறகே எஞ்சினை இயக்குவோம் என்று ஒரு நிலையம் பதில் எழுதியது. மற்றொன்று, "எங்களிடம் அப்படியெல்லாம் நடந்ததேயில்லை" என்று எழுதியது. இரண்டாவது பதில் எங்கள் கேள்விக்கு விடையாகவே இல்லை.

அடுத்து நம்பகம். அதைக் கேள்வி கேட்டு அறிவது கடினம். நம்பகமானவரா என்று கேட்டால் இல்லை என்பவர் உலகில் இல்லை. தமக்கு இழப்பு வரும் இடத்தில் ஒருவர் எவ்வாறு நடக்கிறார் என்பதில்தான் அது தெரியும். எங்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது மருத்துவப் படிவம்.

முக்குளிப்புப் பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். இதயம், நுரையீரல், காது, வலிப்பு, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்துகள் என்று கேள்விகள் நீளும். குறிப்பிட்ட கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரின் கையொப்பம் தேவை. எங்கள் மகனுக்குச் சிறுவயதிலிருந்து ஆஸ்துமா இருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளில் மூச்சுத்திணறல் வரவில்லை. ஆயினும் உறிஞ்சு மருந்து இன்னும் அவனுடைய பள்ளிப்பையில் இருக்கிறது. இதை மறைக்காமல் நான்கு நிலையங்களுக்கும் எழுதினோம்.

ஒரு நிலையம் பதில் எழுதவேயில்லை. இன்னொன்று மிகுந்த அன்போடு எழுதியது: "இரண்டு ஆண்டுகளாக ஒன்றுமில்லையே, எல்லாவற்றிலும் 'இல்லை' என்று குறித்துவிடுங்கள், வீண் அலைச்சல் வேண்டாம்." மூன்றாவது நிலையம் படிவத்தைப் பற்றி ஒன்றும் கூறாமல், நான்கு பேருக்கும் சேர்த்துக் கட்டணத்தில் தள்ளுபடி தந்தது. சான்றிதழ் பெற்ற மறுநாளே எங்களை 'ஹில்மா ஹூக்கர்' கப்பலுக்கு அழைத்துச் செல்வதாகவும் அது எழுதியது. 1984-இல் மூழ்கிய அக்கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் மணலில் சாய்ந்து கிடக்கிறது. புதிதாகச் சான்றிதழ் பெறும் பெரியவருக்கே எல்லை 18 மீட்டர். நான்காவது நிலையத்தின் பதில் இரண்டே வரிகள்: மருத்துவரின் கையொப்பம் இல்லாமல் மகனை நீருக்குள் அழைத்துச் செல்ல மாட்டோம், ஆறு ஆண்டுகளாக இறங்காத தாங்களும் முதலில் மறுபயிற்சி எடுத்தாக வேண்டும்.

அந்தப் பதிலில் இனிமை இல்லை. ஆனால் அவர்கள் எங்களை இழக்கத் துணிந்து அதை எழுதினார்கள். நான்கு பேரின் கட்டணத்தைக் காட்டிலும், முன்பின் அறியாத ஒரு சிறுவனின் நுரையீரல் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 'இல்லை' என்று குறித்துவிடுங்கள் என்றவர், நாளை வேறோர் இடத்தில் வேறொன்றையும் 'இல்லை' என்று குறிப்பார். காற்றுச் சோதனையின் ஏட்டில் குறிப்பார். பழுது பார்க்க வேண்டிய கருவியின் அட்டையில் குறிப்பார். ஒரு பொய்யை நமக்காகச் சொல்லத் துணிபவர் நம்மிடமும் சொல்வார்.

மகன் இதை எளிதில் ஏற்கவில்லை. "எல்லாரும் 'இல்லை'ன்னுதான் எழுதுவாங்க வாப்பா. நாமளும் எழுதினா என்ன?" என்றான். அவன் வயதில் அது நியாயமான கேள்வி. பொய் ஹராம் என்ற ஒரே வரியில் பேச்சை முடித்திருக்கலாம். அப்படி முடித்தால் விதி மட்டுமே அவன் நினைவில் நிற்கும். அதன் கருணை விளங்காது. எனவே, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் சுருங்கினால், நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிறைப்படலாம் என்று விளக்கினோம். மேலே ஏறும்போது அக்காற்று விரியும். வெளியேற வழியில்லையெனில் நுரையீரல் கிழியும். நாம் 'இல்லை' என்று எழுதினால் கடல் அதைப் படித்து ஏமாந்துவிடாது. அப்படிவம் கேட்பது நம் தகுதியை அன்று. நம் உடலின் உண்மையை. உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் பற்றி நமக்கு உதவ வந்தவரிடமே பொய் சொல்வது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். அவன் மறுமொழி கூறவில்லை. ஆனால் மருத்துவரிடம் வரச் சம்மதித்தான்.

முக்குளிப்பு மருத்துவம் அறிந்தவர் ஒருவரை டொரோண்டோவில் கண்டோம். ஆஸ்துமா இருந்தவர் அனைவருக்கும் தடை என்று அவர் கூறவில்லை; ஒவ்வொருவரையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும் என்றார். மூச்சின் அளவைக் கருவியில் ஊதச் செய்து பார்த்தார். ஓடச் செய்து மீண்டும் பார்த்தார். ஓடிய பின் மூச்சுக்குழாய் சுருங்குவது அளவில் தெரிந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. களைப்பு என்றுதான் எண்ணியிருந்தான். இப்போது வேண்டாம், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று கூறி, அவனுடைய மருந்தையும் மாற்றித் தந்தார். 'இல்லை' என்று குறித்திருந்தால் இந்தச் சுருக்கம் எங்கே, எத்தனை மீட்டர் ஆழத்தில் வெளிப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு எங்கள் இருவரையும் உறங்கவிடவில்லை.

நான்காவது நிலையத்துக்கு எழுதி, மூன்று பேருக்கு மட்டும் பதிவு செய்தோம். அதன் பின்னரே எங்கள் மார்க்கம் சார்ந்த தேவைகளைக் கேட்டோம். இவற்றைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், கூச்சம் தேவையில்லை. பெண் பயிற்றுநர் கிடைப்பாரா? உடை மாற்றத் தனியறை உண்டா? பொனேரில் கடல்நீர் 26 முதல் 29 பாகை வெப்பமுடையது. பலர் அரைக்கால் உடையோடு இறங்குவர். உடல் முழுவதையும் மூடும் வெட்சூட்டும், அதே துணியில் தலையுறையும் வேண்டுமென்றோம். இரண்டும் கடலில் புதியவையல்ல; குளிருக்கும் கடற்பூச்சிகளுக்கும் அஞ்சி எல்லாச் சமயத்தாரும் அணிபவைதான். தலையுறை காதில் நீர் புகுவதைச் சற்றே மாற்றும், ஆகவே முதல் நாள் ஆழமற்ற நீரில் அணிந்து பழகிக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் தந்தார்கள். கேட்டதற்கு முகம் சுளிக்காததோடு, அதனால் பாதுகாப்பில் என்ன மாறும் என்றும் சிந்தித்துப் பதில் சொன்னது எங்களுக்கு நிறைவளித்தது.

தொழுகை நேரமும் இடையூறாகவில்லை. படகு காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. இரவு முக்குளிப்பு மட்டும் மஃரிபோடு மோதும், அதைத் தவிர்த்தோம். கிப்லா அங்கே கிழக்கும் வடகிழக்கும் சேரும் திசையில் இருக்கிறது. மேற்கு நோக்கித் தொழுத ஊரில் பிறந்தவர்களுக்கு, சூரியன் எழும் பக்கம் திரும்பி நிற்பது ஒவ்வொரு முறையும் பூமியின் விரிவை நினைவூட்டுகிறது. உணவுக்கு மீனும் சோறும் இருந்தன. வேறு எதையும் நாங்கள் தேடவில்லை. சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் முக்குளிப்பு அடங்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காப்பீடு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயணத்துக்கு முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சிகிச்சைச் செலவு என்ன ஆகும் என்ற கேள்வியைத் தீவில் இறங்கிய பின் எழுப்புவது காலம் கடந்ததாகும்.

பாடங்களை வீட்டிலேயே இணையவழி படித்து முடித்துச் சென்றோம். முதல் நாள் அறிமுக உரை; பிறகு கரையோரம், நிற்கக்கூடிய ஆழத்தில் பயிற்சி. முகக்கண்ணாடியில் நீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து கருவி நழுவினால் தேடி எடுப்பது, துணையின் காற்றைப் பகிர்வது ஆகியவற்றை அலுப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். இறங்குமுன் ஒவ்வொரு முறையும் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். மகளின் மிதவைச் சட்டையின் வார் ஒன்று சற்றுத் தளர்ந்திருந்ததைப் பயிற்றுநர் கண்டு, அவசரமின்றி வேறு சட்டை எடுத்து வந்தார். அதுவரை படகு காத்திருந்தது.

நான்காம் நாள் எதிரிலுள்ள கிளெய்ன் பொனேர் என்ற ஆளில்லாத் தீவுக்குச் சென்றோம். முதல் முக்குளிப்பில் மகள் 10 மீட்டர் வரை இறங்கினாள். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் ஒலியை நீருக்குள் கேட்கலாம். கடலைத் தனது சான்றுகளில் ஒன்றாக அல்லாஹ் மீண்டும் மீண்டும் ஏன் குறிப்பிடுகிறான் என்பது அந்நேரம் விளக்கமின்றியே விளங்கியது. இரண்டாம் முக்குளிப்பில் நான்கு மீட்டரிலேயே அவள் காதைக் காட்டி, ஏதோ சரியில்லை என்று கையசைத்தாள். பயிற்றுநர் சற்று மேலே அழைத்துச் சென்று மீண்டும் முயன்றார். சரியாகவில்லை. பெருவிரலை உயர்த்தினார். முக்குளிப்பு மொழியில் அது பாராட்டன்று. மேலே போவோம் என்று பொருள். எங்கள் மூவருக்கும் அன்றைய முக்குளிப்பு அத்தோடு முடிந்தது. படகில் ஏறியதும் அவர் மகளிடம், "நீ சொன்னது சரி, சொல்லாமல் இருந்திருந்தால்தான் தவறு" என்றார். கட்டணத்தைப் பற்றியோ வீணான பயணத்தைப் பற்றியோ எவரும் வாய் திறக்கவில்லை.

மகன் அன்று எங்களோடு படகில் வந்திருந்தான். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேற்பரப்பில் நீந்தினான். இரண்டு ஆமைகளைக் கண்டது அவன்தான், நாங்கள் அல்ல. எஞ்சிய நேரத்தில் படகோட்டி அவனிடம் பெயர்ப் பலகையைக் கொடுத்து, ஏறியவர்களின் பெயரை அழைக்கச் சொன்னார். பதினொரு பெயர்கள். ஒருவர் கையை மட்டும் உயர்த்தினார். "வாயால் சொல்ல வேண்டும்" என்று அவன் ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு படகோட்டி தாமும் ஒருமுறை எண்ணிப் பார்த்தே எஞ்சினை இயக்கினார். கடலடியைக் காணவில்லை என்ற ஏக்கம் அவனுக்குத் தீர்ந்துவிட்டதென நாங்கள் சொல்லமாட்டோம். திரும்பும் வழியில் அமைதியாகவே இருந்தான்.

ஊர் திரும்பும் முன்னாளில் முக்குளிப்பில்லை. பல நாட்கள் தொடர்ந்து இறங்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அந்நாளில் தீவின் தென்கோடிக்குச் சென்றோம். அங்கே உப்பளங்களின் கரையில், ஒருவர் குனிந்தே நுழையக்கூடிய சிறு கல்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. 1850-இல் உப்பளத்து அடிமைகள் உறங்குவதற்காகக் கட்டப்பட்டவை. 1863 ஜூலை 1-இல்தான் நெதர்லாந்தின் கரீபியன் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியனுக்குக் கொண்டுவரப்பட்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்கு இக்கடல் விடுமுறையாக வாய்க்கவில்லை. எவரும் அவர்களுடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. குடில்களுக்கு முன்னால் நின்று, அங்கே உழைத்து மடிந்தவர்களுக்காகக் கைகளை உயர்த்தினோம். இக்கடலில் விரும்பி இறங்கவும், வேண்டாமென்று மேலே வரவும் முடிகிற நாம் எவ்வளவு பெரிய அருளில் இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நிலையத்தைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வியை, அவர்களுக்கு இழப்பு தரக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேளுங்கள். உங்கள் உடலில் உள்ள குறையைச் சொல்லுங்கள். காற்று பலமாக இருந்தால் பயணத்தை நிறுத்துவீர்களா, நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். நடுவில் பிள்ளை பயந்துவிட்டால் யார் அவளோடு மேலே வருவார், மற்றவர்களோடு யார் இருப்பார் என்று கேளுங்கள். பதிலின் இனிமையைப் பார்க்காதீர்கள். பதிலில் ஒரு மறுப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் மறுப்புச் சொல்லாதவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நீங்களும் அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அமானிதம் இருபுறமும் உள்ளது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நாம் அனைவரும் அறிந்த செய்திதான். கட்டுவதை அவநம்பிக்கையாகவும், கட்டாமல் விடுவதை ஈமானாகவும் எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கட்டிவிட்டதாலேயே எல்லாம் நம் கையில் என்று எண்ணுவோரும் உள்ளனர். கருவியைச் சோதித்து, படிவத்தில் உண்மையை எழுதி, ஆட்களை எண்ணி, பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்குவதே எங்களுக்குத் தெரிந்த வழி. உம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். பேரன் இறங்கவில்லை என்று கேட்டதும், "அந்தக் கடைக்காரங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றார். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம். முடிவு எதுவாயினும், அவன் பெயரில் உள்ள படிவம் உண்மையாகவே நிரப்பப்படும், இன்ஷா அல்லாஹ்.